பதினெட்டு வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள்? ராமநாதபுரம் கடலோரத்தில் இருப்பவர்களின் ஆலோசனை வேண்டும்

கேள்வி: இல்லத் தாய், மண்டபம் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் கடலோரத்தில் உள்ள, முறையாகப் பதிவு பெற்ற பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றில் நான் இல்லத் தாயாகப் பணிபுரிகிறேன். எங்களிடம் வளரும் பிள்ளைகளில் மூவர் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். தேர்வு முடிவு வரும் சமயத்தில் மூவருக்கும் பதினெட்டு வயது நிறைந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் எங்கே தங்குவார்கள் என்ற கேள்விக்கு நிம்மதி தரும் பதில் இன்னும் என்னிடம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பெண்ணின் தந்தை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தாயும் சில ஆண்டுகளில் நோயில் இறந்துவிட்டார். அப்பாவைப் பெற்ற பாட்டி கடற்கரைக் குப்பத்தில் ஓலை வீட்டில் இருக்கிறார்; அதே வீட்டில் பெரியப்பா குடும்பமும், வயது வந்த இரண்டு அண்ணன்மாரும் இருக்கிறார்கள். அறை ஒன்றுதான். கழிப்பறை இல்லை. பாட்டி பாசமானவர், பேத்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் முந்தானையில் எதையாவது முடிந்துகொண்டுதான் வருவார். ஆனால் பெரியம்மா சென்ற முறை வந்தபோது, பெண்ணை அழைத்துப் போனதும் வரன் பார்த்துவிடலாம் என்று என்னிடமே சொன்னார். அந்தப் பிள்ளைக்கோ மேலே படிக்க ஆசை.

இரண்டாவது பெண்ணுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன் வேறொரு ஊரில் ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தில் வளர்கிறான். தான் வெளியே போய் ஒரு வீடு பிடித்துவிட்டால் தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று அவள் உறுதியாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. பொய்யான உறுதி கொடுக்கவும் விருப்பமில்லை.

மூன்றாமவளுக்கு உறவென்று யாரும் இல்லை. கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதியில் சேர்த்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பொங்கல் விடுமுறைக்கு விடுதியைப் பூட்டினால் நான் எங்கே போவேன் அம்மா என்று கேட்டாள்.

இந்த மூவருக்கும் சட்டப்படி என்ன உரிமை உண்டு, யாரிடம் எப்போது விண்ணப்பிக்க வேண்டும், நம் பகுதியில் இளம் பெண்கள் சேர்ந்து தங்குவதற்கு ஏற்ற வீட்டை எப்படித் தேட வேண்டும், எந்த மாதிரி இடத்துக்கு அனுப்பவே கூடாது என்பவற்றை, இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்களும் இல்லங்களில் வளர்ந்தவர்களும் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


பதில் 1: ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர், பரமக்குடி

வணக்கம் அம்மா. தேர்வுக்கு முன்பே இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பது மகிழ்ச்சியாக இருக்கிறது. என் பணிக்காலத்தில் பார்த்த வரையில், பெரும்பாலான பிள்ளைகளின் விஷயத்தில் பிறந்தநாளுக்கு முந்தைய வாரத்தில்தான் இந்தப் பேச்சே எழும்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 46ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்குப் பிற்காப்பு உதவி வழங்க இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் 25ஆவது விதி இதை விரித்துச் சொல்கிறது. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின் பேரில் இந்த உதவி 21 வயது வரை கிடைக்கும். தனிப்பட்ட காரணம் இருந்தால் மேலும் இரண்டு ஆண்டுகள், அதாவது 23 வயது வரை நீட்டிக்கலாம். பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியேறிய பின் அவளுடைய வாழ்க்கைக்கான திட்டத்தை நன்னடத்தை அலுவலரோ குழந்தைகள் நல அலுவலரோ தயாரித்துக் குழுவின் முன் வைத்துவிட வேண்டும். உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் இந்தத் திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதப்படவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்துமூலமாக ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காப்பு தானாக வந்து சேருவதில்லை. கேட்பவருக்கு, அதுவும் உரிய காலத்தில் கேட்பவருக்குத்தான் கிடைக்கிறது.

அதே விதியில், பிற்காப்பில் இருப்பவர்கள் ஆறு முதல் எட்டுப் பேராகச் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழு வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, அவர்களோடு தொடர்ந்து பேசும் ஓர் ஆற்றுப்படுத்துநர், தொழில் தொடங்கக் கடன் ஏற்பாடு ஆகியவை சொல்லப்பட்டிருக்கின்றன. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளின்படி பிற்காப்பில் இருப்பவருக்கு மாதம் 4,000 ரூபாய். பெண் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் அதனோடு சேரும். மூன்று பெண்கள் ஒரே வீட்டில் தங்கினால் இந்தத் தொகையைக் கொண்டு ராமநாதபுரம் போன்ற ஊரில் வாடகையையும் சாப்பாட்டையும் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் வீட்டுக்கு முன்பணம், பாய், பாத்திரம், அடுப்பு, எரிவாயு இணைப்பு என்று முதல் வாரத்திலேயே தேவைப்படும் மொத்தத் தொகை மாதாந்தர உதவியில் அடங்காது. அதற்கு ஊரில் நல்ல மனம் உள்ளவர்களை இப்போதே அணுகி வைக்க வேண்டும்.

ஓலை வீட்டுப் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நிறுவனப் பராமரிப்பு என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது சரிதான். அதற்காக உறவினர் வீடு எதுவானாலும் போதும் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. அந்த வீட்டில் அவள் இரவில் எங்கே படுப்பாள், கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, விடியற்காலையில் கழிப்பறைக்கு எங்கே போவாள், அண்ணன்மார் குடிப்பவர்களா என்பவற்றை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். வீட்டாய்வு அறிக்கையில் "உறவினர் நல்லவர்கள்" என்று ஒற்றை வரி எழுதி முடித்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பதினெட்டு வயது நிறைந்தவள் எங்கே வாழ்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். பெரியம்மாவுக்கு அதில் அதிகாரம் கிடையாது. பாட்டியோடு உள்ள உறவு அறுந்துவிடாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வரும் தூரத்தில் வீடு அமைந்தால் அதுவே போதும்.

தம்பியைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளையிடம் உண்மையையே சொல்லுங்கள். அவனை அவளிடம் ஒப்படைப்பதா என்பதைக் குழந்தைகள் நலக் குழுதான் தீர்மானிக்கும். அவளுக்கு நிலையான இருப்பிடமும் வருமானமும் வரும்வரை அது நடக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அவனைத் தவறாமல் பார்க்கவும், சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி சிறப்புச் சந்தர்ப்பங்களில் சில நாள் விடுப்பில் அவனை அழைத்து வரவும் குழுவிடம் அனுமதி கேட்கலாம். அவளுடைய திட்டத்திலேயே "தம்பி வந்து தங்குவதற்கு ஏற்ற வீடு" என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒரு வரி கோப்பில் இருந்தால், பின்னாளில் அவள் விண்ணப்பிக்கும்போது குழு அதைப் பார்க்கும்.

ஆவணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் மூன்றையும் இல்லத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அடையாளச் சான்று பெற உதவுவது இல்லத்தின் கடமைகளில் ஒன்று என்று சட்டத்தின் 53ஆம் பிரிவே சொல்கிறது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். உங்கள் மூன்றாவது பிள்ளைக்கு இது பொருந்தக்கூடும். கல்லூரி இடத்துக்கும் விடுதிக்கும் அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும்.


பதில் 2: இல்லத்தில் வளர்ந்தவன், பாம்பன்

அக்கா, வணக்கம். நான் ஏழு வயதிலிருந்து இல்லத்தில் வளர்ந்தவன். இப்போது விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஐயா சொன்ன சட்டமெல்லாம் எனக்கு அப்போது யாரும் சொல்லாதது. அதைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனால் சட்டத்தில் வராத சில விஷயங்களை நான் சொல்லியாக வேண்டும்.

உங்கள் மூன்றாவது பிள்ளை கேட்ட கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நான் ஐடிஐ படித்தபோது விடுதியில் இருந்தேன். அரையாண்டு விடுமுறை, பொங்கல், கோடை என்று ஒவ்வொரு முறையும் காப்பாளர் அறைகளைப் பூட்டுவார். மற்றப் பையன்கள் ஊருக்குப் போகிற மகிழ்ச்சியில் பையை அடுக்குவார்கள். நான் யார் வீட்டில் இடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டு அடுக்குவேன். நண்பனின் வீட்டில் முதல் இரண்டு நாள் விருந்தாளி. மூன்றாம் நாள் அவனுடைய அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துவிடும். பிறகு ராமேசுவரம் ரயில் நிலையத்திலும் படகுத் துறையிலும் படுத்திருக்கிறேன். பெண் பிள்ளைக்கு அந்த வழியும் கிடையாது. ஆகவே விடுதியில் சேர்த்தால் எல்லாம் தீர்ந்தது என்று யாராவது சொன்னால், ஆண்டில் எத்தனை நாள் அது பூட்டியிருக்கும் என்று கேளுங்கள். அந்த நாட்களுக்கு எந்த வீடு, யார் பொறுப்பு, சாவி யாரிடம் என்பதைத் திட்டத்தில் எழுதி வாங்குங்கள். உங்கள் இல்லத்திலேயே அலுவலகத்தை ஒட்டி ஓர் அறையை, வெளியே போன பிள்ளைகள் விடுமுறையில் வந்து தங்குவதற்கென்று ஒதுக்க முடியுமா என்றும் நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். வயது நிறைந்தவர்களைச் சிறு பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் தங்கவைக்க விதி இடம் தராது; தனி வாசல் உள்ள அறையாக இருந்தால் குழுவின் அனுமதியோடு வழி பிறக்கலாம்.

அடுத்தது வேலையும் வாடகையும். நம் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நின்றால் ஐஸ் கம்பெனி, நண்டு கம்பெனி, பட்டறை, வலை வேலை, லோடு ஏற்றும் வேலை எல்லாமே சுருங்கிவிடும். மீனவர் குடும்பங்களுக்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் குடும்பத்துக்கு உரியது. குடும்ப அட்டையே இல்லாத தனி ஆளுக்கு அது எட்டாது. நான் முதன்முதலில் பிடித்த அறையைத் தடைக்காலத்தில்தான் இழந்தேன். இரண்டு மாத வாடகை நின்றதும் வீட்டுக்காரர் என் பெட்டியை வெளியே வைத்துவிட்டார். கடலை நம்பிய வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மாத வாடகையை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற ஏற்பாடு இல்லாமல் எந்த வீட்டையும் பிடித்துக் கொடுக்காதீர்கள்.

குழு வீட்டைப் பற்றி ஐயாவிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். எட்டுப் பேரை ஒரே வீட்டில் வைத்து, வாசலில் பலகை மாட்டி, மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் அது இன்னொரு இல்லம்தான். தெருவில் போகிறவர்கள் அனாதைப் பிள்ளைகள் வீடு என்று கைநீட்டுவார்கள். நான்கைந்து பேர், பலகை இல்லாத சாதாரண வீடு, ஆளுக்கொரு சாவி. அப்படி இருந்தால்தான் வெளியே வந்ததாக மனம் ஏற்றுக்கொள்ளும். எனக்குச் சாவி என்று ஒன்று முதன்முதலில் கையில் வந்தபோது, அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இல்லத்தில் நமக்கென்று பூட்டுகிற பொருளே இருப்பதில்லை.

இன்னொன்றையும் இப்போதே தொடங்குங்கள் அக்கா. இல்லத்தில் சோறு நேரத்துக்கு வந்துவிடும். அதனால் நான்கு பேருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும், எரிவாயு உருளையில் ரெகுலேட்டரை எப்படி மாட்டுவது, கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறதே அதில் எந்த எண்ணைப் பார்ப்பது, கடனுக்குச் சாமான் தருகிற மளிகைக் கடையில் கணக்கை எப்படி வைப்பது என்று எதுவுமே தெரியாமல்தான் நாங்கள் வெளியே வருகிறோம். இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. வாரம் ஒரு நாள் அந்த மூன்று பேர் கையிலும் பணத்தைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பிச் சமைக்கச் சொல்லுங்கள்.


பதில் 3: வீட்டு உரிமையாளர், கீழக்கரை

அந்தத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு எங்கள் மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வீடு கொடுப்பவர்களின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நம் ஊர்களில் வீடு கேட்டுப் போனால் வரும் முதல் கேள்வி, யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான். அப்பா பெயரைச் சொல்ல முடியாத பெண் பிள்ளை அந்த இடத்திலேயே தலை குனிந்துவிடுகிறாள். குடும்பத்துக்கு மட்டும் என்று எழுதிப் போட்டவர்களை மாற்றுவது கடினம். ஆனால் தயங்கிக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர்களை மாற்றலாம். எங்களுக்கு உள்ள பயம் இரண்டு: வாடகை நின்றால் யாரைக் கேட்பது, ஏதாவது பிரச்சினை என்றால் யார் வந்து நிற்பார்கள். இந்த இரண்டுக்கும் பதிலாக ஒரு மனிதர் நேரில் வந்து, நான் பொறுப்பு என்று சொல்லித் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாலே பாதித் தயக்கம் போய்விடும். நீங்களோ உங்கள் நிர்வாகியோ பிள்ளைகளோடு கூடப் போங்கள். பிள்ளையின் கதையை வீட்டுக்காரரிடம் முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறாள், உதவித்தொகை வருகிறது, நாங்கள் மாதம் ஒருமுறை வந்து பார்ப்போம் என்பது போதும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகளின் பெயரிலேயே இருக்க வேண்டும். பதினெட்டு நிறைந்தவர்கள் கையெழுத்திடலாம். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லையென்றால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்பவரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

எந்த ஊரில் தேடுவது என்றால், ராமேசுவரத்தில் நாள் வாடகைக்கு யாத்திரிகர்களுக்கு விடுவதில் வருமானம் அதிகம் என்பதால் மாத வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பக்கத்து அறையில் தினம் ஒரு புது ஆள் தங்குவார். அந்த மாதிரிக் கட்டடத்தில் இளம் பெண்களைக் குடிவைக்காதீர்கள். மீனவக் குப்பங்களில் வாடகை வீடு என்பதே குறைவு. ராமநாதபுரம் நகரமோ கீழக்கரையோ பேருந்து வசதிக்கும் கல்லூரிக்கும் ஏற்றவை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கூரையை அண்ணாந்து பாருங்கள். உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கிக் காரையைத் தள்ளிவிடும்; வெள்ளைச் சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தாலும் கம்பி போகிற வரிசையில் நீளக் கீறலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அந்த வீடு வேண்டாம். அந்தக் கூரையின் கீழ்தான் பிள்ளைகள் படுத்துறங்க வேண்டும். ஜன்னல் கம்பியின் அடிப்பகுதியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். துரு தின்றிருந்தால் கையோடு வரும். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சித்திரை வெயிலில் படிக்கிற பிள்ளைக்கு ஆகாது. ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பாகத்தான் இருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு எந்தெந்த நாள் வருகிறது, வராத நாளில் குடம் என்ன விலை என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். தண்ணீர்ச் செலவைக் கணக்கில் எடுக்காமல் போடுகிற பட்ஜெட் நம் ஊரில் நிற்காது. புயல் எச்சரிக்கை வந்தால் போக வேண்டிய பேரிடர் மையம் எங்கே என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். மழை வெள்ளத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் பெண் பிள்ளைகளைத் தேடி யார் வருவார்கள்?

எந்த இடத்துக்கு அனுப்பவே கூடாது என்று கேட்டிருந்தீர்கள். பதிவு இல்லாத, கணக்கு வழக்கு இல்லாத எந்தக் காப்பகத்துக்கும், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அனுப்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி எங்களுக்குப் பக்கத்தில் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். அன்றைக்கு இந்தக் கடலோரத்தில் இருந்த யாரும் அதை மறக்கவில்லை. ஆதரவற்றவர்கள் தங்கும் இடத்தை யாரும் போய்ப் பார்க்காமல் விட்டதன் விளைவு அது. இலவசமாகச் சாப்பாடும் இடமும் தருகிறோம், வீட்டு வேலை மட்டும் செய்தால் போதும் என்று அழைப்பவர்களிடமும் விடாதீர்கள்.


பதில் 4: தொண்டியைச் சேர்ந்தவன், இப்போது இங்கிலாந்தில் சமூகப் பணியாளர்

இங்கே உள்ள நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊருக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றத்தின் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைக்கு 25 வயது வரை தனி ஆலோசகர் ஒருவரின் உதவி கிடைக்க வழி உண்டு. வளர்ப்புக் குடும்பத்தில் (தத்தெடுக்காமல் பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கும் குடும்பத்தில்) இருந்தவர், இரு தரப்பும் விரும்பினால், 21 வயது வரை அதே வீட்டில் தொடரலாம். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைக் கண்காணிப்பு இல்லாத தங்குமிடங்களில் வைப்பது 2021 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. பதினாறு, பதினேழு வயதினர் தங்கும் ஆதரவு வீடுகளும் 2023 அக்டோபர் முதல் ஆய்வு அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். தனியாகக் குடியேறும்போது கட்டில், அடுப்பு, பாத்திரம் வாங்க 3,000 பவுண்டு வரை உதவித்தொகை உண்டு. முதல் வாரச் செலவைப் பற்றி அந்த ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. இவ்வளவு இருந்தும் இங்கேயும் வீடில்லாமல் அலைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பணத்தை விட, இரவு பத்து மணிக்கு அழைத்தால் எடுக்கிற ஒரு பெரியவர் இல்லாததே பல சமயம் காரணம்.

இந்தியாவில் வளர்ப்புப் பராமரிப்புக்கான நெறிமுறைகள் 2024இல் திருத்தப்பட்டு, 35 முதல் 60 வயது வரையுள்ள தனிநபர்களும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என்று ஆகியிருக்கிறது. உங்கள் இல்லத்தில் உள்ள பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இப்போதே அப்படி ஒரு வீடு அமைந்தால், பதினெட்டில் அவர்கள் போய்வர ஒரு வாசல் ஏற்கெனவே இருக்கும். உடன்பிறந்தவர்களை முடிந்தவரை ஒரே குடும்பத்தில் வைக்க வேண்டும் என்று ஐயா சொன்ன இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவும் சொல்கிறது. அந்தத் தம்பிக்கு இந்த வழியையும் கேட்டுப் பாருங்கள்.


கேட்டவரின் மறுமொழி: இல்லத் தாய், மண்டபம் பக்கம்

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. பாம்பன் தம்பி, உன் பதிலை அந்த மூன்று பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினேன். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாய் என்ற இடத்தில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஒருத்திக்கு மட்டும்தான் திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. அதிலும் தங்குமிடம் என்ற இடத்தில் "உறவினர்" என்று மட்டும் இருக்கிறது. மற்ற இருவருக்கும் சேர்த்துக் கடிதம் எழுதிவிட்டேன். ஓலை வீட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசினேன். பாட்டியைப் பிரிய மனமில்லை, ஆனால் அந்த வீட்டில் இரவு தங்கப் பயம் என்று அவள் சொன்னாள். ஏன் என்று நான் மேலே கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே திட்டத்தில் எழுதச் சொல்லப்போகிறேன். மூவரும் ஒன்றாக ராமநாதபுரத்தில் வீடு எடுக்க விரும்புகிறார்கள். தேர்வு முடிவதற்கும் உதவித்தொகைக்கான ஆணை கைக்கு வருவதற்கும் இடையே சில மாதங்கள் ஆகிவிட்டால் அந்த இடைவெளியில் அவர்களை எங்கே வைப்பது என்பது மட்டும் இன்னும் புரியவில்லை ஐயா.


பதில் 5: ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர், பரமக்குடி

அம்மா, அந்த இடைவெளிக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். பிற்காப்பு ஆணை கிடைத்து வீடு அமையும்வரை, வேறு பாதுகாப்பான இருப்பிடம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி, தற்போதைய இல்லத்தின் வளாகத்திலேயே சிறு பிள்ளைகளிடமிருந்து தனித்த அறையில் தங்க அனுமதிக்குமாறு குழந்தைகள் நலக் குழுவுக்கு மூவரும் தங்கள் கைப்பட எழுதட்டும். குழு ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. அவர்களில் ஒரு பெண்ணாவது இருப்பார். அமர்வு நாளில் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பெரியவர்கள் சொல்வதை விட, எனக்கு அந்த வீட்டில் பயமாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளையே சொல்வது குழுவுக்கு எளிதில் புரியும். பொது இடத்தில் சொல்லக் கூச்சப்பட்டால், பெண் உறுப்பினரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். கட்டாயம் கொடுப்பார்கள்.

அவள் பயத்தின் காரணத்தைத் துருவாமல் விட்டது நல்லது. ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். அவளாகச் சொல்ல விரும்பினால் கேட்க ஓர் ஆற்றுப்படுத்துநரை ஏற்பாடு செய்யுங்கள். அவள் சொல்வது அவளுக்குப் பதினெட்டு வயது நிறைவதற்குள் நடந்த குற்றமாக இருந்தால், அதற்கான சட்ட நடவடிக்கை தனி. அப்போது எந்த நேரமானாலும் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

அட்வான்ஸ் பணத்தைப் பற்றி இங்கே ராமநாதபுரத்தில் சிலரிடம் பேசியிருக்கிறேன். வீடு பார்க்கும் நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். கீழக்கரை அம்மா சொன்னபடி கூரையை அண்ணாந்து பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இருக்கட்டும்.